தக்காளி விலை ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது? பொருளாதாரத்தின் அரிச்சுவடி

2023 ஜூலையில் சென்னையில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. மாதக் கடைசியில் சில கடைகளில் 200 ரூபாயைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் விவசாயிகள் பறித்து வந்த தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். இடையில் இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் நாட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை மாறிவிடவில்லை. ரசம் வைப்பதை யாரும் விட்டுவிடவும் இல்லை. பிறகு எப்படி ஒரே பொருள் இப்படி ஏறி இப்படி விழுந்தது?

டீக்கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "எல்லாம் பதுக்கல் சார், வேறென்ன?" பருப்பு, வெங்காயம் என்றால் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கலாம். பழுத்த தக்காளியை எங்கே பதுக்குவது? சாதாரணக் கிடங்கில் நான்கு நாள் வைத்தால் பெட்டிக்கு அடியில் தண்ணீர் விடும். விலை ஏறும் என்று காத்திருக்கும் வியாபாரிக்கு மிஞ்சுவது அழுகல்தான்.

பொருளாதாரம் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "யார் செய்த தப்பு?" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பதிலாக, "இந்த விலையில் விவசாயி என்ன செய்வார், வியாபாரி என்ன செய்வார், வாங்குகிறவர் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தக்காளியின் பின்னாலேயே போனால், பாடப்புத்தகத்தின் முதல் பத்து அத்தியாயங்களில் பாதியாவது வழியிலேயே எதிர்ப்படும்.

ஒரு ஏக்கரும் ஒரு கிணறும்

பொருளாதாரம் என்றதும் பட்ஜெட், பங்குச்சந்தை, டாலர் என்றுதான் பலருக்கும் தோன்றும். அவையெல்லாம் பின்னால் வருபவை. அடித்தளத்தில் இருப்பது மிக எளிய நிலைமை: வேண்டியவை ஏராளம், கையில் இருப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தைப் பல வழிகளில் பயன்படுத்தலாம். எந்த வழியில் பயன்படுத்துவது என்று தீர்மானித்தாக வேண்டும். 1932-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் இந்தத் துறைக்குக் கொடுத்த வரையறையின் சாரமும் இதுவே.

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு விவசாயிக்கு ஒரு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தக்காளி நடலாம், சாமந்தி நடலாம், ராகி விதைக்கலாம், கரும்பு வைக்கலாம். நான்கையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அவர் தக்காளி நட்டால் அதன் செலவு எவ்வளவு? நாற்று, உரம், மருந்து, குச்சி, கம்பி, ஆள் கூலி என்று எழுதிக் கூட்டிவிடுவோம். ஆனால் சாமந்தி நட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம் போனதே, அதையும் சேர்க்க வேண்டும். இதற்குத்தான் வாய்ப்புச் செலவு என்று பெயர்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற மற்ற வழிகளில் மிகச் சிறந்ததன் மதிப்பு. தக்காளியில் 40,000 ரூபாய் மிச்சம், அதே நிலத்தில் சாமந்தி போட்டிருந்தால் 55,000 ரூபாய் மிஞ்சியிருக்கும் என்றால், நோட்டுப் புத்தகத்தில் 40,000 லாபம் என்று இருக்கும். பொருளியலாளர் அதை 15,000 ரூபாய் நட்டம் என்பார்.

இது வறட்டுக் கணக்கு போலத் தோன்றலாம். ஆனால் இலவசப் பொருளுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு அரை நாள் வரிசையில் நிற்கிறவருக்கு அந்தப் பொருள் இலவசமில்லை என்பது இந்தக் கணக்கில் மட்டும்தான் தெரியும். குடும்பமே காட்டில் இறங்கி வேலை செய்துவிட்டு "ஆள் கூலி மிச்சம்" என்று சொல்வதும் அப்படித்தான். அந்த நான்கு பேரும் வெளியே வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலி அங்கே கணக்கில் வராமல் போய்விடுகிறது.

விலையை யார் வைக்கிறார்கள்?

கொத்தவால் சாவடியில் இடம் போதாமல் 1996-இல் கோயம்பேட்டில் திறக்கப்பட்ட சந்தைக்கு, ஆந்திரா, கர்நாடகா, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இரவெல்லாம் லாரிகள் வந்துகொண்டிருக்கும். செய்தித்தாளில் "வரத்து குறைவால் விலை உயர்வு" என்று போடுவார்களே, அந்த வரத்துதான் அன்றைய அளிப்பு. விடிவதற்குள் விற்றாக வேண்டும். விடிந்த பிறகும் பெட்டிகள் தேங்கி நின்றால் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கூவுவார். நான்கு மணிக்கே பாதி காலியாகிவிட்டால் அடுத்து வருகிறவரிடம் பத்து ரூபாய் கூட்டிச் சொல்வார். யாரும் கூட்டம் போட்டு விலையைத் தீர்மானிப்பதில்லை. வந்த சரக்கும் வாங்க வந்தவர்களின் தேவையும் ஒன்றுக்கொன்று ஈடாகும் இடத்தில் விலை வந்து நிற்கும். அதைச் சமநிலை விலை என்பார்கள். தேவையா, அளிப்பா, விலையைத் தீர்மானிப்பது எது என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. கத்தரிக்கோலின் மேல் அலகு வெட்டுகிறதா, கீழ் அலகு வெட்டுகிறதா என்று கேட்பது போன்றது அது என்றார் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல். அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலம்.

இங்கே புதியவர்கள் தவறாமல் சிக்கும் ஒரு குழப்பம் உண்டு. "விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிறீர்கள். முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை எகிறுகிறது, அன்றைக்குத்தானே அதிகமாகவும் விற்கிறது?" நல்ல கேள்வி. முகூர்த்த நாளில் நடப்பது வேறு. விலை ஏறியதால் ஆட்கள் அதிகம் வாங்கவில்லை. கல்யாணம் வந்ததால் அதிகம் பேர் வாங்க வந்தார்கள், அதனால் விலை ஏறியது. அதே முகூர்த்த நாளில் பூ இன்னும் விலை கூடியிருந்தால் அன்றும் ஓரிரு முழம் குறைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். விலை மாறியதால் வாங்கும் அளவு மாறுவது ஒன்று. வேறு காரணத்தால் தேவையே மொத்தமாக இடம்பெயர்வது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், பொருளாதாரச் செய்திகளில் வரும் அபத்தங்களில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

தக்காளிக்குத் திரும்புவோம். 2023-இல் என்ன நடந்தது? அந்தக் கோடையில் விலை அடிமட்டத்தில் கிடந்ததால் பல இடங்களில் தக்காளி நட்ட பரப்பு குறைந்தது. நட்டதையும் சிலர் பராமரிக்காமல் விட்டார்கள். கர்நாடகத்தின் கோலார் பக்கம் இலைச்சுருட்டு வைரஸ் தாக்கியது. வடக்கே வெயிலும் பிறகு பெருமழையும் பயிரைக் கெடுத்தன. சரக்கு குறைந்தது. சரி, சரக்கு கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறைந்தால் விலையும் அந்த அளவுக்குத்தானே ஏற வேண்டும்? ஏன் நான்கைந்து மடங்கு ஏறுகிறது?

இதற்கு விடை நெகிழ்ச்சி என்ற கருத்தில் இருக்கிறது. விலை ஏறும்போது வாங்குவதை எவ்வளவு சுலபமாகக் குறைத்துக்கொள்ள முடியும் என்பதே தேவையின் நெகிழ்ச்சி. ஆப்பிள் விலை இரட்டிப்பானால் கொய்யாவுக்கு மாறிவிடுவோம். தக்காளியை நம் சமையலிலிருந்து அப்படி எடுத்துவிட முடிவதில்லை. புளியைக் கூட்டிக் கரைக்கலாம், ஹோட்டலில் தக்காளிச் சட்னியை நிறுத்திவிட்டுத் தேங்காய்ச் சட்னியோடு விடலாம். அதற்கு மேல்? கிலோ வாங்குகிறவர் அரைக்கிலோவுக்கு இறங்கி வரவே விலை மிக உயரம் போக வேண்டியிருக்கிறது. அளிப்புப் பக்கமும் இறுக்கம்தான். இன்றைக்கு 150 ரூபாய் விற்கிறது என்பதற்காக நாளைக் காலை செடியில் கூடுதலாகக் காய் தொங்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்காதபோது, எல்லா அதிர்ச்சியையும் விலையே தாங்க வேண்டியதாகிறது.

இதே இறுக்கம் கீழ்நோக்கியும் வேலை செய்யும். விலை பாதியானால் யாரும் இரண்டு மடங்கு ரசம் குடிக்கப் போவதில்லை. அதனால்தான் விளைச்சல் கொட்டும் ஆண்டில் விவசாயி அழுகிறார். ஒரு சந்தைக்கு 100 லோடு வந்து லோடு 20,000 ரூபாய்க்குப் போனால் விவசாயிகளுக்கு மொத்தம் 20 லட்சம். அடுத்த பருவத்தில் 130 லோடு வந்து விலை 10,000-க்கு விழுந்தால் 13 லட்சம். கூடுதலாக 30 லோடு விளைவித்து, பறித்து, ஏற்றி வந்ததற்குக் கிடைத்த பரிசு ஏழு லட்சம் குறைவு.

பறிப்பதா, விடுவதா?

விலை விழுந்த நாளில் ஒரு தக்காளிக் காட்டின் வரப்பில் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொருளாதாரத்தில் மிக உபயோகமான, ஆனால் மனசு ஒப்பாத பாடம் அங்கேதான் இருக்கிறது.

எண்களை நான் எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். இதுவரை அந்த ஏக்கருக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவாகிவிட்டது. காய் பழுத்து நிற்கிறது. இனிமேல் ஆகும் செலவு: 14 கிலோ பிடிக்கும் ஒரு பெட்டிக்குப் பறிகூலி 25 ரூபாய், சந்தைக்கு வண்டி வாடகை 20 ரூபாய், இறக்குக்கூலி 5 ரூபாய். ஆக 50. மண்டியில் கமிஷன் நூற்றுக்குப் பத்து.

பெட்டி 140 ரூபாய்க்கு ஏலம் போனால் கமிஷன் 14 போக 126 கைக்கு வரும். செலவு 50 போக 76 மிச்சம். பறிக்கலாம், யோசிக்கவே வேண்டாம்.

பெட்டி 70 ரூபாய். கமிஷன் போக 63. செலவு 50. மிச்சம் 13. போட்ட ஒரு லட்சத்தை நினைத்தால் இது பெரிய நட்டம். ஆனாலும் பறிக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஒரு லட்சம் போனது போனதுதான். பறித்தாலும் வராது, பறிக்காவிட்டாலும் வராது. பறித்தால் பெட்டிக்கு 13 ரூபாயாவது அந்தக் குழியை நிரப்பும்.

பெட்டி 50 ரூபாய். கமிஷன் போக 45. செலவு 50. ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து 5 ரூபாய் போகிறது. இப்போது அவர் பறிக்காமல் ஆட்டையும் மாட்டையும் காட்டுக்குள் விட்டுவிடுவார், அல்லது டிராக்டர் விட்டு உழுதுவிடுவார். "ஒரு லட்சம் போட்டுவிட்டு இப்படி அழிக்கிறாரே" என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அவர் அழிப்பது இன்னும் நட்டம் ஏறாமல் இருக்கத்தான்.

மீளாச் செலவு என்பது அந்த ஒரு லட்சம். அடுத்த ஒரு பெட்டிக்கு ஆகும் கூடுதல் செலவையும் அதனால் வரும் கூடுதல் வரவையும் மட்டும் எடைபோடுவது இறுதிநிலைச் சிந்தனை. கல்லூரியில் இதைக் கோடு போட்டு, சூத்திரம் எழுதி விளக்குவார்கள். விஷயம் இந்தப் பெட்டிக் கணக்குதான். பிடிக்காத படிப்பில் இரண்டு ஆண்டு போய்விட்டதே என்று மூன்றாவது ஆண்டையும் அதிலேயே போடுவது, ஓடாத கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதே என்று மேலும் கடன் வாங்கி நடத்துவது, எல்லாமே இந்தக் கணக்கைப் போட மறுப்பதால் வருவது.

அப்படியானால் சாலையோரம் கொட்டுகிறவர் ஏன் பறித்தார்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் எதிர்பார்த்த விலை வேறு. மண்டிக்கு வந்து சேர்ந்தபோது கேட்ட விலை வேறு. அந்த நேரத்தில் பறிகூலியும் வாடகையும்கூட மீளாச் செலவாகிவிட்டன. இனி மிஞ்சியிருப்பது ஒரே கேள்வி: கேட்ட விலைக்குக் கொடுப்பதா, திருப்பி எடுத்துப் போக மறுபடி வண்டி வாடகை கொடுப்பதா, இங்கேயே கொட்டுவதா? கேட்க ஆளே இல்லாத நாளில் மூன்றாவதுதான் மலிவு. அதில் கோபமும் எதிர்ப்பும் கலந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஏறினால் எல்லாரும், இறங்கினால் யாருமில்லை

நாற்று விட்டு, நட்டு, முதல் காய் பறிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். விவசாயி இன்றைய விலையைப் பார்த்து நடுகிறார். மூன்று மாதம் கழித்து இருக்கும் விலையில் விற்கிறார். ஜூலையில் 150 ரூபாய் என்று கேள்விப்பட்டு எல்லாரும் நடுவார்கள். அக்டோபரில் எல்லார் காட்டிலும் காய். விலை விழும். விழுந்ததைப் பார்த்து அடுத்த பருவம் ஒதுங்குவார்கள். சரக்கு குறையும். விலை ஏறும். விலையையும் அளவையும் தாளில் கோடாக வரைந்தால் சிலந்தி வலை போலச் சுற்றிச் சுற்றி வரும் என்பதால், 1930-களில் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். (2023-இல் செப்டம்பருக்குள்ளேயே விலை விழுந்ததற்குக் காரணம், விலை ஏறத் தொடங்கிய நாட்களிலேயே பலர் நட்டுவிட்டதும், வெவ்வேறு பகுதிகளின் அறுவடைகள் ஒன்றாகச் சந்தைக்கு வந்ததும்.)

"எல்லாரும் நட்டால் விலை விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா?" நகரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பது சுலபம். தெரியும். பல தலைமுறையாகப் பார்க்கிறவர்கள். ஆனால் தனி ஒருவர் தெரிந்து என்ன செய்வது? அவர் ஒருவர் நடாமல் விட்டதால் விலை விழாமல் நிற்கப் போவதில்லை. மற்ற எல்லாரும் பயந்து நடாமல் விட்டால் நட்டவருக்கு அதிர்ஷ்டம். ஆகவே அவரும் நடுவார். ஒவ்வொருவரும் தனக்கு நியாயமானதைச் செய்ய, மொத்தத்தில் எல்லாருக்கும் கெடுதலாக முடிவது பொருளாதாரத்தில் அடிக்கடி வரும் காட்சி. இதற்கு "விவசாயிக்கு விழிப்புணர்வு வேண்டும்" என்று மேடையில் பேசுவது எனக்குச் சலிப்பாகவே இருக்கும். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை நடுவதற்கு முன்பே தெரியும். கரும்புக்கு ஆலை கொடுக்க வேண்டிய விலை முன்பே அறிவிக்கப்படுகிறது. தக்காளிக்கு அப்படி ஒன்றுமில்லை. குறையாக இருப்பது தகவலும் காப்பும்தான்.

நடுவில் இருப்பவர்

ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாளின் கணக்குப்படி, தக்காளிக்கு நாம் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 ரூபாய் அளவுதான். மீதி 67-ஐ இடைத்தரகர் விழுங்குகிறார் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். அந்த 67-க்குள் லாரி டீசல், சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மண்டிக் கமிஷன், நசுங்கிப் போனது, தள்ளுவண்டிக்காரர் மாலைவரை நின்று விற்ற உழைப்பு, விற்காமல் மிஞ்சியது எல்லாம் இருக்கின்றன. தள்ளுவண்டியில் பத்து கிலோ வாங்கி வைத்தால் இரண்டு கிலோ நசுங்கும், அதன் விலையும் எட்டுக் கிலோவின் மேல்தான் ஏறும்.

அதற்காக நான் மண்டிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஏலத்தில் பத்துப் பேர் கேட்டால் ஒரு விலை. மூன்றே பேர், அதுவும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் கேட்டால் இன்னொரு விலை. போட்டி இல்லாத இடத்தில் லாபம் உழைப்புக்கான கூலியாக இல்லாமல் போய்விடுகிறது. நடவுக்கே அவரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி வேறு மண்டிக்குப் போகவும் முடியாது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இந்த இடத்தைக் குறிவைத்த முயற்சி: விவசாயியே நேராக வந்து விற்கலாம். அதற்கும் ஒரு வாய்ப்புச் செலவு உண்டு. விடியற்காலையில் கிளம்பி வந்து, விற்று முடித்து, திரும்பிப் போகும்வரை தோட்டத்தில் வேலை நிற்கும். அருகில் இருக்கிற, பல காய் கொஞ்சம் கொஞ்சமாக விளைவிக்கிற குடும்பத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஒரே நாளில் இருநூறு பெட்டி பறிக்கிறவருக்கு அது ஆகாது. அவருக்கு ஒட்டன்சத்திரம் மாதிரி ஒரு பெரிய சந்தையும், அங்கிருந்து கேரளாவுக்குப் போகிற லாரியும் வேண்டும்.

தகவல் எவ்வளவு பெறும் என்பதற்குக் கேரளத்திலிருந்தே ஒரு நல்ல சான்று இருக்கிறது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வட கேரளக் கடற்கரையில் மத்தி மீன் விற்பனையை ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டார். செல்போன் வருவதற்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் ஆட்கள் காத்திருப்பார்கள். படகில் இருப்பவருக்கு எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாது. 1997 முதல் கடற்கரையோரம் செல்போன் கோபுரங்கள் வந்தன. கடலிலிருந்தே கரைக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது, மீனவரின் லாபமும் கூடியது, வாங்குகிறவருக்கு விலையும் சற்றுக் குறைந்தது. கூடுதலாக ஒரு மீன்கூடப் பிடிக்காமல் இருதரப்புக்கும் ஆதாயம்!

60 ரூபாய்க்கு ரேஷன் கடைத் தக்காளி

2023 ஜூலை தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கத் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. இது நல்லதா கெட்டதா என்று உடனே கட்சி கட்டாமல், என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இருக்கும் சரக்கு எல்லாருக்கும் போதாது. அப்படியானால் ஏதோ ஒரு முறையில் பங்கிட்டே ஆக வேண்டும். வெளிச்சந்தை விலையை வைத்துப் பங்கிடுகிறது: 120 கொடுக்க முடிகிறவருக்குக் கிடைக்கும். 60 ரூபாய்க் கடை வரிசையை வைத்தும் ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பை வைத்தும் பங்கிடுகிறது: முதலில் வந்தவருக்குக் கிடைக்கும். பங்கீடே இல்லாத முறை என்று ஒன்று கிடையாது. விலை ஏறியதும் "கட்டுப்படுத்து" என்கிறோமே, அப்போது நாம் உண்மையில் கேட்பது ஒரு பங்கீட்டு முறையை இன்னொன்றாக மாற்று என்பதைத்தான்.

அரசு செய்த விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாக் கடைக்காரர்களும் 60-க்குத்தான் விற்க வேண்டும் என்று ஆணை போட்டிருந்தால், 100 ரூபாய்க்கு வாங்கி 60-க்கு விற்க யாரும் முன்வரமாட்டார்கள். சரக்கு பின்வாசல் வழியாகப் போகும், அல்லது லாரி வேறு மாநிலத்துக்குத் திரும்பும். அரசு அப்படிச் செய்யாமல், சந்தை விலைக்கு வாங்கி, வித்தியாசத்தைத் தன் பணத்தில் ஏற்றுக்கொண்டது. விவசாயிக்கு நல்ல விலை போய்ச் சேர்வது தடைபடவில்லை, அடுத்த பருவம் நடுவதற்கான தூண்டுதலும் கெடவில்லை. செலவு வரி கட்டுகிறவர் தலையில். அதற்கும் வாய்ப்புச் செலவு உண்டு, வேறு ஏதோ ஒரு வேலைக்குப் போயிருக்கும் பணம் அது.

விலை என்பது திறமையான தூதர் என்று பொருளாதாரப் புத்தகங்கள் புகழும். உண்மைதான், கோலாரில் செடி வாடினால் சென்னையில் புளி கரைக்க வைக்கிறது. ஆனால் அந்தத் தூதர் காசோடு வரும் தேவையை மட்டுமே காது கொடுத்துக் கேட்பார். பசி எவ்வளவு இருந்தாலும் கையில் காசில்லாதவரின் தேவை சந்தையில் பதிவாகாது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு கிடைப்பதில் ஏற்பட்ட குறைவு மட்டும் அத்தனை சாவுகளுக்கும் காரணமாகிவிடாது, அரிசி விலை ஏறிய வேகத்துக்குக் கிராமத்துக் கூலிகளின் வருமானம் ஏறாததால் அவர்களால் வாங்க முடியாமல் போனதே பெரிய காரணம் என்று வாதிட்டார். ஆக, சந்தை நன்றாக வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அதன் விளைவு நியாயமானதா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பொருளாதாரம் விடை சொல்லும். இரண்டாவதற்கு அது கணக்கு மட்டுமே கொடுக்கும், முடிவெடுக்க வேண்டியது அரசியல்.

ஒரு காயின் விலையும் விலைவாசியும்

இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் அப்போது தக்காளியின் எடை 0.57 சதவீதம். அதாவது சராசரிக் குடும்பம் 100 ரூபாய் செலவழித்தால் தக்காளிக்கு 57 காசு என்று கணக்கு. 2023 ஜூலையில் அந்த 57 காசுப் பண்டம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விலைக்குப் போனது. மற்றக் காய்கறிகளும் பருப்பும் சேர்ந்துகொள்ள, ஜூன் மாதம் 4.87 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம், அதாவது அந்தக் குறியீடு ஓராண்டில் ஏறிய அளவு, ஜூலையில் 7.44 சதவீதத்துக்குத் தாவியது.

ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், இரண்டு புள்ளி மேலே கீழே போகலாம். எல்லை தாண்டிவிட்டது. ஜூலைக் கணக்கு வெளிவருவதற்குச் சில நாள் முன்பு நடந்த ஆகஸ்ட் கூட்டத்தில், காய்கறி விலை ஏறுவது தெரிந்திருந்தும், வட்டி விகிதம் 6.5 சதவீதத்திலேயே விடப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. வட்டியை ஏற்றினால் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும். பொதுவாகப் பணப்புழக்கம் மிகுந்து எல்லாப் பொருளும் ஒன்றாக ஏறும்போது அது மருந்து. ஒரு பயிர் பொய்த்து அதன் விலை மட்டும் ஏறும்போது வட்டியால் என்ன செய்ய முடியும்? வட்டி ஏறியது என்று செடி காய்க்காது. ஒரு பண்டத்தின் விலை மற்றவற்றோடு ஒப்பிட ஏறுவதும், பணத்தின் மதிப்பே குறைந்து எல்லாம் ஏறுவதும் வேறுவேறு நோய்கள். தக்காளி ஏற்றம் கூலியிலும், வாடகையிலும், ஹோட்டல் விலையிலும் பரவி, மக்கள் "இனி எல்லாம் ஏறத்தான் போகிறது" என்று நினைக்கத் தொடங்கினால்தான் முதலாவது இரண்டாவதாக மாறும். மத்திய வங்கிகள் கவலைப்படுவது அந்தப் பரவலைப் பற்றித்தான்.

ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதியானது, புதிய அறுவடையும் வந்தது. பணவீக்கம் ஆகஸ்டில் 6.83, செப்டம்பரில் 5.02 என்று இறங்கியது. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணவீக்கம் 7.44-லிருந்து 5.02-க்குக் குறைந்தது என்றால் விலைவாசி குறைந்துவிட்டது என்று பொருளில்லை. ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 5.02 சதவீதம் அதிகம் என்றே பொருள். ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது. தக்காளி மட்டும் நிஜமாகவே கீழே வந்தது, ஏனென்றால் அது தினமும் ஏலத்தில் விலை போகிற பண்டம். அச்சடித்த விலைப்பட்டியலில் ஏறிய சாப்பாட்டு விலை, ஒப்பந்தத்தில் ஏறிய வாடகை போன்றவை அப்படித் தினம் தினம் மறுபடி பேசப்படுவதில்லை. அவை ஏறிய இடத்திலேயே நின்றுகொள்ளும். செய்தியில் "பணவீக்கம் குறைந்தது" என்று வாசிக்கும் அதே நாளில் மாதக் கடைசிக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.